சுப்பாராவும் என் இருமலும்

காரியவட்டத்து ஆய்வுக்கூடத்தில் பாஸ்பரஸ் அளவைக் காண நாங்கள் கையாளும் முறைக்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர். கரைசல் நீலமாகும்; நிறத்தை அளந்து குறித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்புவோம். அந்தச் சுப்பாராவ் யாரென்று நான் கேட்டதே இல்லை, நோய் வந்து கேட்க வைக்கும்வரை.

சென்ற மழைக்காலத்தில் நள்ளிரவானால் வறட்டு இருமல், மூச்சில் சீழ்க்கை. ஆஸ்துமா என்றெண்ணி நான்கு மாதம் கழித்தேன். பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது ஈசினோபில் அணுக்கள் பன்மடங்கு பெருகியிருந்தன. எங்கள் ஊரில் தும்மினாலே ஈஸ்னோபீலியா என்பார்கள், இது மெய்யானது. கொசுவழியே புகுந்த யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளை நுரையீரலில் மடக்கிக் கொல்ல உடல் தொடுத்த போர் அது. புழுவின்மேல் அவ்வணுக்கள் உமிழும் நச்சுப் புரதம் நுரையீரலின் மெல்லிய திசுவையும் அரிக்கிறது. காலம் தாழ்த்தினால் திசு தழும்பேறிவிடும், தழும்பு மாறாது. கிருமியைவிட ஒவ்வாமையே அங்கே பெரும்பகை!

மூன்று வாரம் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை உண்டேன். இருமல் நின்றது. அம்மருந்தை 1947-இல் வெளிப்படுத்திய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் தலைவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (தேர்வில் தவறிய நண்பர்கள் ஆறுதல் கொள்க, நானும் அவர்களுள் ஒருவன்.) சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் மேலங்கி அணிந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். உடன்பிறந்தார் இருவரை நோய் கொண்டுபோயிற்று.

1923-இல் பாஸ்டன் அடைந்தார். ஹார்வர்டில் பயின்றுகொண்டே மருத்துவமனையில் இரவு ஊழியம் செய்து வயிறு கழுவினார். எங்கள் நீலநிற முறை 1925-இல் வந்தது. பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றை ஃபிஸ்கேயுடன் கண்டறிந்தும் நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி சென்றார். தன் மூட்டையே உடல் தாக்கும் முடக்குவாதத்துக்கு இன்று வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அக்கூடத்துப் பிள்ளையே.

1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் மறைந்தார். கப்பலேறியபின் தாயகம் திரும்பவில்லை. மனைவி சேஷகிரியை மீண்டும் காணவுமில்லை. இதனைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மையாரை எண்ணாமல் அம்மாத்திரையை விழுங்கவும் என்னால் இயலவில்லை.