யோபுவின் பாடம் கற்ற அரண்மனை அதிகாரி

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாசலைக் காணாதவர் அந்நகரைக் கண்டவராகார். வெள்ளை பூசிய அந்தக் கோட்டை வாசலைக் கடந்தால் பத்மதீர்த்தக் குளமும் பத்மநாபசுவாமி கோவிலின் உயர்ந்த கோபுரமும் கண்ணெதிரே நிற்கின்றன. வாசலுக்கு வெளியே நகரப் பேருந்துகளின் இரைச்சல். அப்பால் சாலைக் கடைத்தெரு. மலையாள நாட்டின் தலைநகரே ஆயினும் இக்கடைத்தெருவில் தமிழ் ஒலி காதில் விழாமல் நூறடி நடக்க முடியாது. திருவிதாங்கூர் என்பது மலையாளமும் தமிழும் ஒரே அரசின்கீழ் வாழ்ந்த நாடு என்பதற்கு இந்தத் தெருவே சாட்சி.

இக்கோட்டை எழத் தொடங்கியது மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் காலத்தில். 1729 முதல் 1758 வரை ஆண்ட அவர் சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கினார். பத்மநாபசுவாமி கோவிலைப் புதுப்பித்தார். 1750 ஜனவரியில் தம் இராஜ்யம் முழுவதையும் தாம் வணங்கிய பத்மநாபருக்கே எழுதிவைத்து, அன்றுமுதல் தம்மை பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அரசருடைய பக்தியை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் தலைநகரமெங்கும் அந்த அர்ப்பண விழா பேசப்பட்ட நாட்களில், அவருடைய அரண்மனையிலே பணிசெய்த ஓர் அதிகாரி கைகால்களில் விலங்குடன் காவலில் கிடந்தார். அவரும் தமக்குரிய யாவற்றையும் தாம் அறிந்த தேவனுக்குக் கொடுத்துவிட்டவரே. அவருடைய வாழ்க்கையையே இம்மாதம் நாம் தியானிக்கப்போகிறோம்.

கிழக்கேகோட்டையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலையை அடைகிறது. தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரமே அன்று திருவிதாங்கூரின் தலைநகரம். அரசு திருவனந்தபுரத்துக்கு முற்றிலும் மாறியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1956 நவம்பர் 1 முதல் இப்பகுதி தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிறது. இங்குள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் பிறந்தார். தந்தை காயங்குளத்தைச் சேர்ந்த வாசுதேவன் நம்பூதிரி. தாய் திருவட்டாறு தேவகி அம்மை. செல்வமும் மதிப்பும் உடைய நாயர் குடும்பம். நீலகண்டன் தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் கற்றார். படைக்கலப் பயிற்சியும் பெற்றார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவியை மணந்தார். அரண்மனையிலும் அதைச் சார்ந்த கோவிலிலும் பொறுப்பான பதவி அவருக்குக் கிடைத்தது. எதிலும் குறைவில்லாத வாழ்வு.

பின்பு குறைவு வந்தது. ஆடுமாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, குடும்பத்தில் துன்பங்கள் தொடர்ந்தன. செய்யாத பூசையில்லை, நேராத நேர்ச்சையில்லை. கடவுள் தன்னைக் கைவிட்டாரா, தான் என்ன பிழை செய்தோம் என்னும் கேள்வி இரவும் பகலும் அவரை அரித்தது.

இந்தச் சமயத்தில் அவருக்குத் துணையாக வந்தவர் ஒரு போர்க்கைதி. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்டவர்மரின் படை முறியடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் எவுஸ்டாக்கியுஸ் டிலனாய். திறமையை மதிக்கத் தெரிந்த அரசர் அவரைக் கொல்லாமல் தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பணியில் அமர்த்தினார். நாளடைவில் அவர் படைத்தலைவரானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றனர். புலியூர்க்குறிச்சியில் சுமார் 90 ஏக்கர் பரப்பில் அமைந்த உதயகிரிக் கோட்டை அவருடைய மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. அங்கே அலுவல் நிமித்தம் சென்ற நீலகண்டன் அவரோடு நண்பரானார்.

நண்பரின் முகவாட்டத்தைக் கண்டு டிலனாய் காரணம் கேட்டார். நீலகண்டன் மனந்திறந்தார். அதற்கு மறுமொழியாக டிலனாய் தர்க்கம் எதையும் எடுக்கவில்லை. வேதாகமத்திலிருந்து ஒரு மனிதனின் கதையைச் சொன்னார். ஊத்ஸ் தேசத்து யோபுவின் கதை அது.

இங்கே சற்று நிற்போம். தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடித்திருந்தார். அவர் விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை ஷூல்ட்சே 1728க்குள் நிறைவேற்றினார். ஆகவே யோபுவின் புத்தகம் தமிழில் அச்சேறிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் நீலகண்டனுக்கு அது வந்து சேர்ந்த வழி அச்சுப் புத்தகம் அல்ல. நாட்டையும் விடுதலையையும் இழந்து, தன்னைச் சிறைப்பிடித்தவர்களுக்கே ஊழியம் செய்துகொண்டிருந்த ஒரு மனிதனின் வாய்வழியாக அது வந்தது. இழப்பு இன்னதென்று அறிந்தவர் சொன்னார், இழந்துகொண்டிருந்தவர் கேட்டார். வேதத்தைக் கற்பது என்றால் மேசையும் புத்தகமும் விளக்கவுரைகளும் என்று எண்ணப் பழகிவிட்ட நமக்கு, இந்தக் கோட்டைச்சுவர் ஓரத்துப் பாடசாலை நல்ல நினைவூட்டல்.

யோபுவுக்கு ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், ஐந்நூறு ஏர்மாடுகள், ஐந்நூறு கழுதைகள் இருந்தன. ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் இருந்தனர். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய்திறந்தபின்போ, நீ பாவம் செய்திருப்பாய், ஆகையால்தான் தண்டனை என்றார்கள். நீலகண்டனைச் சுற்றியிருந்தவர்கள் சொன்னதும், அவருடைய உள்ளம் சொன்னதும் இதுவே. யோபுவோ அதை ஏற்கவில்லை, தேவனையும் விட்டுவிடவில்லை. இறுதியில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசியபோது, ஏன் இந்தத் துன்பம் என்பதற்கு விளக்கம் ஒன்றும் தரவில்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டவரும் காக்கைக்குஞ்சுக்கு இரை கொடுக்கிறவரும் தாமே என்பதைக் காட்டினார். யோபுவுக்கு அது போதுமானதாயிற்று.

இழப்பு என்பது கைவிடப்பட்டதன் அடையாளம் அல்ல. இந்த ஒரு பாடம் நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது. அவர் மேலும் மேலும் கேட்டார். கிறிஸ்துவைப்பற்றி அறிந்தபின் ஞானஸ்நானம் பெற விரும்பினார். திருவிதாங்கூருக்குள் அது ஆபத்து என்பதால், டிலனாய் ஒரு கடிதம் கொடுத்து எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையிலிருந்த வடக்கன்குளத்துக்கு அவரை அனுப்பினார். அங்கிருந்த இயேசு சபைக் குரு புத்தாரி அவரைச் சோதித்தறிந்து, 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் கொடுத்தார். லாசரு என்பது அவர் பெற்ற பெயர். தேவன் உதவிசெய்தார் என்னும் பொருளுடைய அந்த எபிரெயப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். சிறிது காலத்தில் மனைவி பார்கவியும் விசுவாசத்துக்குள் வந்து ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

அதன்பின் தேவசகாயம் தம்மைவிடத் தாழ்ந்தவர்களாகச் சமுதாயம் ஒதுக்கியிருந்தவர்களோடு அமர்ந்தார், உண்டார், அவர்களுக்குத் தாம் கற்றதைச் சொன்னார். தீண்டாமையும் காணாமையும் சட்டம்போல் நிலவிய நாட்டில், அரண்மனை அதிகாரி ஒருவர் இப்படி நடந்தது சிறு காரியம் அன்று. 1749 பிப்ரவரி 23 அன்று அவர் கைதுசெய்யப்பட்டார். இராஜ இரகசியங்களை வெளியாருக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அரசியல் காரணமே தண்டனைக்குப் பின்னணி என்று எழுதும் வரலாற்றாசிரியர் இன்றும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையோ நீண்ட விசாரணைக்குப்பின் அவர் விசுவாசத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று முடிவு செய்தது. அந்த மூன்று ஆண்டுகளில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கும்போது, இராஜதுரோகியின் நடையாக அது எனக்குத் தோன்றவில்லை.

எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக அவரைக் கொண்டுபோனார்கள். அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப்பொடி தூவினார்கள். குற்றவாளியைக் கண்டு மக்கள் அஞ்ச வேண்டும் என்பதே இந்த ஊர்வலத்தின் நோக்கம். நடந்ததோ வேறு. ஊர்வலம் போன வழியெல்லாம் அவருடைய பொறுமை பேசப்பட்டது. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் ஜெபித்து முழங்கையால் பாறையில் இடித்தார் என்றும், அங்கே நீர் சுரந்தது என்றும் மக்கள் சொல்லிவருகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடத்துக்குப் பெயர். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதம் அவரைக் கட்டிவைத்திருந்தார்கள் என்பதும் அப்பகுதியில் வழங்கும் செய்தி. வெயிலும் மழையும் நேரே படும் அந்தத் திறந்தவெளிச் சிறைக்கு நோயாளிகளும் துயருற்றோரும் அவரைத் தேடி வந்தார்கள். ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார்கள். விலங்குண்டவர் விடுதலையோடிருந்தவர்களுக்காக ஜெபித்தார். யோபு தன் நண்பர்களுக்காக ஜெபித்த கட்டம் அப்போது அவர் நினைவில் வந்திருக்கக்கூடும்.

டிலனாய் இந்தக் காலமெல்லாம் அரசருடைய படைத்தலைவராகவே இருந்தார். நண்பரைக் காப்பாற்ற அவரால் இயலவில்லை. எல்லாம் இழந்த மனிதனின் கதையை நண்பருக்குச் சொன்னவர், நண்பர் எல்லாம் இழப்பதைத் தன் கோட்டைக்கு அருகிலேயே காண நேர்ந்தது. இந்த இடத்தில் அவரை நியாயந்தீர்க்க நாம் அவசரப்படவேண்டாம். கைதியாக வந்து பிறர் நாட்டில் பிழைத்தவருடைய செல்வாக்குக்கும் ஓர் எல்லை உண்டு.

கடைசியில் தேவசகாயத்தை நாட்டின் கிழக்கெல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசென்றார்கள். மலைக் கணவாய் வழியாக ஓயாமல் காற்றடிக்கும் ஊர். அதன் அருகேதான் இன்று காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றன. அங்கேயும் மக்கள் கூட்டம் குறையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று சேவகர்கள் அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டுபோனார்கள். நெடுநாள் சித்திரவதையால் நடக்கவும் வலுவற்றிருந்தார். ஜெபிக்கச் சற்று நேரம் கேட்டு முழங்காற்படியிட்டார். பின்பு துப்பாக்கிகள் வெடித்தன. அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஞானஸ்நானம் பெற்று ஏழாண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை.

யோபுவின் கதையும் இவருடைய கதையும் பிரிவது இங்கேதான். யோபுவுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பின, பிள்ளைகள் பிறந்தனர், நான்கு தலைமுறை கண்டு பூரண வயதில் மரித்தார். தேவசகாயத்துக்கு ஒன்றும் திரும்பவில்லை. பதவியும் வீடும் திரும்பவில்லை. உடலைக்கூடக் காட்டிலே எறிந்துவிட்டார்கள். நாம் சாட்சி சொல்லும் கூட்டங்களில் யோபுவின் கடைசி அதிகாரத்தையே விரும்பி வாசிக்கிறோம். இழந்ததை இரட்டிப்பாய்ப் பெற்றவர்களை மேடையேற்றுகிறோம். பெறாதவர்கள் பின்வரிசையில் மௌனமாய் உட்கார்ந்திருக்கிறார்கள். தேவசகாயம் கற்ற யோபு கடைசி அதிகாரத்து யோபு அல்ல. சாம்பலில் உட்கார்ந்தபடியே தேவனை விடாதிருந்த யோபு. தேவன் காப்பார் என்பதற்கு, அடி விழாது என்றோ துப்பாக்கி வெடிக்காது என்றோ அவர் பொருள்கொண்டிருந்தால், முதல் மாதத்திலேயே அந்த விசுவாசம் முறிந்திருக்கும். சகாயம் என்னும் பெயரை அவர் மூன்று ஆண்டுச் சிறையிலும் மாற்றிக்கொள்ளவில்லை. பழைய தெய்வத்துக்குத் திரும்பினால் பழைய பதவியும் திரும்பும் என்ற வாய்ப்பு முன்னே இருந்தபோதும் மாற்றிக்கொள்ளவில்லை.

காட்டிலே எறியப்பட்ட உடலின் எஞ்சிய எலும்புகளைச் சில நாட்களுக்குப்பின் விசுவாசிகள் கண்டெடுத்து, நாகர்கோவில் கோட்டாற்றிலுள்ள சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கொச்சி ஆயர் 1756இல் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணத்தைப்பற்றி எழுதினார். அதன்பின் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலை விசுவாசிகளில் அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே. அப்பொழுது சாதிப்பெயர் சேர்க்கப்படாமல் தேவசகாயம் என்று மட்டுமே அவர் அழைக்கப்பட்டார். சபைப் பிரிவு எதுவாயினும், சாதி பாராமல் உட்கார்ந்ததற்காகவும் வெறுக்கப்பட்ட ஒருவருக்கு அது பொருத்தம்தான்.

டிலனாய் 1777 வரை வாழ்ந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறைமேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முட்டிடிச்சான் பாறை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஞானப்பூவைப்பற்றி ஏடுகள் அதிகம் சொல்வதில்லை. கணவரோடு விசுவாசத்துக்குள் வந்தவர், மூன்று ஆண்டுகள் சிறைவாசலையே பார்த்திருந்தவர், முப்பதுகளில் இருந்த கணவரை இழந்தவர். பிறந்த மேக்கோட்டையும் வாழ்ந்த நட்டாலத்தையும் விட்டு, தம் கணவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்கே போய்த் தங்கினார். அங்கே பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். 1766இல் மரித்து அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.