தீக்குச்சிகளை ஆடவைத்த பால்கே

கோணேசர் கோயிலை அடுத்துள்ள பாறைப் பிளவை இராவணன் வெட்டு எனக் காட்டி, அவன் மலையையே பெயர்க்க முயன்ற கதையைத் திருகோணமலை மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். பாரமும் ஈர்ப்பும் கதையுலகில் தளர்ந்துவிடுவதைச் சுவைப்பது நம் மரபு. அச்சுவையைப் பாரத நாட்டில் திரைக்கு ஏற்றிய முன்னோடி தாதாசாகிப் பால்கே ஆவார்.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் 1870ஆம் ஆண்டு பிறந்த பால்கே, பம்பாயிலும் பரோடாவிலும் கலை பயின்றார், செப்படிவித்தையிலும் தேர்ந்தார். ஏசுநாதரின் வரலாற்றுப் படமொன்றைக் கண்டபின் சலனப்படமே அவர்தம் வேட்கையாயிற்று. ஓயாத ஆராய்ச்சியால் சிலகாலம் கண்ணொளி குன்றியும் அவர் தளர்ந்தாரில்லை. காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்து, 1912இல் இலண்டன் சென்று கமராவுடன் மீண்டார். துணைவியார் சரஸ்வதிபாய் தம் நகைகளையும் உவந்தளித்தார்.

முதலில் பட்டாணி விதையொன்றை நட்டு, அது முளைத்து வளர்வதை நாடோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சில கணங்களில் நிகழ்ந்தது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. 1915இல் தீக்குச்சிகள் தாமாகவே அசைந்தாடும் குறும்படம் ஒன்றை ஆக்கினார்.

சடப்பொருள் புறவிசையின்றி அசையாது என்பது பௌதிக விதி. பால்கே ஒரு படம் எடுப்பார். குச்சியை மயிரிழையளவு நகர்த்துவார். மீண்டும் ஒரு படம் எடுப்பார். விசை அவர் கையிலிருந்தது. இரு படங்களுக்கிடையே அக்கை மறைந்துவிட்டது. ஆகவே விதி பொய்க்கவில்லை. அதன் சான்றே நம் கண்ணுக்கு ஒளிக்கப்பட்டது. 1917இல் ‘லங்கா தகனம்’ படத்தில் அனுமன் வானிற் பறந்தபோதும் மக்கள் வியந்து களித்தனர்.

பிற்காலத்து அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில், மலைவிளிம்பைக் கடந்து ஓடும் பாத்திரம் கீழே நோக்கும்வரை வெளியில் நிற்கும், நோக்கியதும் வீழும். வீழ்ச்சி பிந்துகிறதேயன்றி நீங்குவதில்லை. சுவாமி மலையின் உச்சியில் நின்று ஆழ்கடலைக் கண்டு கால் கூசியவரே அந்நகைச்சுவையை முழுமையாக உணர்வர். விதியை அறிந்தவனுக்கே அதன் மீறல் சிரிப்பூட்டும்.

பால்கேயின் வாழ்விலும் வீழ்ச்சி பிந்தியே வந்தது. பேசும்படம் வந்தபின் அவர் புகழ் மங்கியது. 1937இல் வெளிவந்த ‘கங்காவதரணம்’ அவருடைய இறுதிப் படமாயிற்று. 1944ஆம் ஆண்டு நாசிக்கில், திரையுலகம் பெரிதும் மறந்திருந்த நிலையில் அவர் மறைந்தார். இந்திய அரசு திரைக்கலைஞர்க்கு வழங்கும் உயர் விருது 1969 முதல் அவர் பெயரைத் தாங்குகின்றது. இன்று திரையில் உயிரற்ற பொருள் ஒன்று துள்ளி எழக் காணுந்தோறும், படத்துக்குப் படம் பொறுமையுடன் அதனை நகர்த்திய மறைந்த கையையும் நாம் நினைத்தல் தகும்.