இரும்பின் நோய் கண்டவர்

உடலினுள் மறைந்திருக்கும் நோயைத் தேர்ந்த மருத்துவர் நாடி பார்த்து அறிவர். இரும்பினுள் மறைந்திருக்கும் பிளவை அவ்வாறே அறிய வழிகண்டவர் எல்மர் ஸ்பெரி என்னும் அமெரிக்க அறிஞர்.

ஸ்பெரி 1860ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்திற் பிறந்தார். பிறந்தபொழுதே அன்னையை இழந்தமையால் உறவினரால் வளர்க்கப்பெற்றார். இளமை முதலே இயந்திரங்களின்பால் பெருவேட்கை கொண்டிருந்தார். பம்பரம்போற் சுழலும் சக்கரத்தைக் கொண்டு திசை காட்டும் கருவி ஒன்றை இவர் அமைத்தார். அது 1911ஆம் ஆண்டு போர்க்கப்பலில் சோதிக்கப்பெற்று, இவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், அம்மாநிலத்து மான்செஸ்டர் என்னும் ஊரில் புகைவண்டி ஒன்று தடம்புரண்டது. 29 பேர் மாண்டனர். முறிந்த தண்டவாளத்தை ஆராய்ந்தபொழுது, அதனுள்ளே குறுக்காகப் பிளவு வளர்ந்திருந்தமை புலனாயிற்று. வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையால் பழுதறியும் வழக்கம் அந்நாளில் இருந்தது. ஆனால் தண்டவாளத்தின் உட்பிளவோ கண்ணுக்கும் புலப்படாது, செவிக்கும் எட்டாது. முறித்துப் பார்த்தால் அறியலாம். முறித்த தண்டவாளத்தின்மீது வண்டி ஓடுமோ?

முறிக்காமலே உள்ளிருப்பதை அறியும் இவ்வரிய பணியை, முதுமை எய்திய பின்னர் ஸ்பெரி மேற்கொண்டார். 1923ஆம் ஆண்டு இவருடைய மைந்தர் லாரன்ஸ், வானூர்தியில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று உயிரிழந்தார். அப்பெருந்துயரிலும் ஸ்பெரி தம் உழைப்பைக் கைவிட்டாரல்லர்.

1928ஆம் ஆண்டு இவருடைய சோதனை வண்டி இருப்புப்பாதையில் ஓடியது. அது தண்டவாளத்தினுள் வலிய மின்னோட்டத்தைச் செலுத்தியது. மின்னோட்டம் பாயும்பொழுது அதனைச் சூழ்ந்து காந்தப்புலம் எழும். பிளவு குறுக்கிடின் மின்னோட்டம் விலகிச் செல்லும்; காந்தப்புலமும் மாறும். அம்மாற்றத்தைக் கம்பிச் சுருள்கள் உணர, எழுதுகோல் அதனைத் தாளில் வரைந்து காட்டும். பழுதுற்ற தண்டவாளம் உடனே மாற்றப்படும். இங்ஙனம் எத்துணையோ விபத்துகள் நேராமலே தடுக்கப்பட்டன.

1930ஆம் ஆண்டு ஸ்பெரி மறைந்தார். அவருக்குப் பின்னர் இத்துறை மேலும் வளர்ந்தது. இன்று செவிக்கெட்டாத மீயொலியைச் செலுத்தித் தண்டவாளங்களை மட்டுமன்றிச் சக்கரங்களையும் அச்சுகளையும் சிதைக்காமலே சோதிக்கின்றனர். புறத்தே தோன்றும் பொலிவை நம்பி அமையாது, அகத்தே உள்ள குற்றத்தைச் சிறிதாயிருக்கும்பொழுதே கண்டு களைதல் வேண்டும் என்பதே இப்பெரியார் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.