வளரி வீரர் சின்ன மருது

கத்தி அல்ல. துப்பாக்கியும் அல்ல. ஒரு முழம் நீளமுள்ள வளைந்த கட்டை. ஆனால், பழகியவர் வீசினால், 300 அடிக்கு உட்பட்ட எந்தக் குறியும் தப்பாது!

அதுதான் வளரி. அதை வீசுவதில் பெயர் பெற்றவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது.

காவல் ஆயுதம்

வளரியின் ஒரு முனை கனமாக இருக்கும். மறுமுனை மெல்லியதாக இருக்கும். மெல்லிய முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சுழற்றி வீசுவார்கள். அது சுழன்றுகொண்டே போய்த் தாக்கும். ஓடுகிற திருடனின் காலில் பட்டால், அவன் அங்கேயே விழுவான். வேட்டைக்கும் காவலுக்கும் கிராமத்தார் இதை வைத்திருந்தார்கள்.

சின்ன மருதுவும் அண்ணன் பெரிய மருதுவும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணி செய்தவர்கள். 1772-ல் மன்னர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியாருக்குத் துணை நின்று, 1780-ல் சீமையை மீட்டார்கள்.

சிறுவயலில் இருந்த சின்ன மருதுவின் மாளிகைக்குக் காவல் கிடையாது. யாரும் உள்ளே போகலாம், குறையைச் சொல்லலாம்.

மாணவன் வெள்ளைக்காரன்!

1795-ல் மதுரையில் இருந்த கும்பினிப் பட்டாளத்தின் இளம் அதிகாரி வெல்ஷ், சின்ன மருதுவுக்கு நண்பரானார். அவருக்கு அரிசியும் பழமும் அனுப்பினார், மருது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார்.

1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை அடைக்கலம் தேடி வந்தார். அவரைக் காட்டிக் கொடுக்க மருது சம்மதிக்கவில்லை. போர் மூண்டது.

அந்த ஆண்டு ஜூன் 16-ந் தேதி, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லா சாதியாரும் ஒன்றுசேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று அது அழைத்தது.

ஈட்டியும் வளரியும் ஏந்திய மருது படை, பீரங்கிகளோடு வந்த கும்பினிப் படையைக் காட்டில் பல மாதம் தடுத்தது. அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார். அக்டோபர் 24-ந் தேதி, திருப்பத்தூரில் அண்ணனும் தம்பியும் தூக்கிலிடப்பட்டார்கள்.

எதிர்த்து வந்த படையில் வெல்ஷும் இருந்தார்!

பினாங்கில் சந்திப்பு

சின்ன மருதுவின் மகன் துரைச்சாமிக்கு வயது 15. 1802-ல் அவரைப் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

1818-ல் வெல்ஷ் அங்கே போனார். தளர்ந்துபோன ஒருவர் அவர் முன் வந்து நின்றார். கிழவர் என்றே வெல்ஷ் நினைத்தார். பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டார். அவர்தான் துரைச்சாமி! அப்போது அவருக்கு 31 வயதுதான்.

தமக்கு வளரி கற்றுக்கொடுத்தவர் யார் என்பதை வெல்ஷ் மறைக்கவில்லை. 1830-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் சின்ன மருதுவின் அன்பையும் திறமையையும் எழுதிவைத்தார். தூக்குக் கயிற்றால் அழியாத பெயர், எதிரியின் ஏட்டிலும் இடம் பெற்றது.