டிராம்போனுடன் போருக்குப் போனவர்

பேரும் பணமும் உச்சத்தில் இருக்கும்போது, யாரும் வற்புறுத்தாமலே, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருவர் ராணுவத்தில் சேருவாரா? அமெரிக்க இசைக்கலைஞர் கிளென் மில்லரின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குள் முதலில் எழுந்த கேள்வி இதுதான். 1942ஆம் ஆண்டில் அவர் அப்படித்தான் செய்தார். அப்போது அவருக்கு வயது 38. மணமானவர். கட்டாய ராணுவச் சேவைக்கு அவரை அழைத்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டே ஆண்டுகளில் அவர் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

முடிவை முன்பே சொல்லிவிட்டேன். ஆனால், இந்தக் கதையில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி அந்த முடிவு மட்டுமல்ல. அதற்கு முன்னால் இருந்த நீண்ட தோல்விக் காலத்தையும் கவனிக்க வேண்டும் என்பேன்.

ஆல்டன் கிளென் மில்லர் 1904ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி அயோவா மாநிலத்தின் கிளாரிண்டா என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். பிழைப்புக்காக நெப்ராஸ்கா, மிசூரி, கொலராடோ என்று மாநிலம் விட்டு மாநிலம் மாறிக்கொண்டே இருந்தது. சிறுவயதில் பால் கறந்து சம்பாதித்த காசில்தான் அவர் டிராம்போன் வாங்கினார் என்பார்கள். டிராம்போன் என்பது குழாயை முன்னும் பின்னும் இழுத்துச் சுருதி மாற்றி ஊதும் பித்தளைக் கருவி.

1923இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்பறையில் இருந்ததைவிட இசைக்குழுக்களோடு ஊர் சுற்றிய நேரமே அதிகம். ஒரு பருவத் தேர்வில் ஐந்து பாடங்களில் மூன்றில் தோற்றார். படிப்பை விட்டுவிட்டார். இதைப் படித்துவிட்டு யாரும் பாடப்புத்தகத்தை மூடிவிட வேண்டாம்! படிப்பை விட்ட மில்லர் பின்னாளில் நியூயார்க்கில் ஜோசப் ஷில்லிங்கர் என்ற ஆசிரியரைத் தேடிச் சென்று இசையமைப்பை முறையாகப் படித்தார். அவருடைய புகழ்பெற்ற ‘மூன்லைட் செரனேட்’ என்ற மெட்டு, அந்த ஆசிரியருக்காக எழுதிய பயிற்சியிலிருந்து பிறந்ததுதான்.

பென் போலாக்கின் குழுவில் வாசித்தபோது அவர் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டார். டிராம்போன் வாசிப்பதில் ஜாக் டீகார்டன் போன்ற மேதைகளைத் தம்மால் எட்ட முடியாது. இந்த இடத்தில் பலர் மனம் உடைந்து போவார்கள். மில்லர் வேறு வழி தேடினார். எந்தக் கருவி எப்போது ஒலிக்க வேண்டும், எது எதோடு சேர வேண்டும் என்று வகுத்து எழுதும் இசை ஒழுங்கமைப்பில் கவனத்தைத் திருப்பினார். டார்சி சகோதரர்கள், ரே நோபிள் ஆகியோரின் குழுக்களில் அந்தத் தொழிலைப் பழகினார்.

1937இல் சொந்தமாக ஓர் இசைக்குழு தொடங்கினார். மற்ற குழுக்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஒலி அதற்கு இல்லை. 1938 தொடக்கத்தில் குழு கலைந்தது. கையில் இருந்த பணமும் கரைந்தது. சில மாதங்களில் மீண்டும் ஒரு குழுவைத் திரட்டினார். இந்த முறை அவரிடம் ஒரு தெளிவு இருந்தது. அக்காலக் குழுக்களில் சாக்ஸபோன் வரிசையை வழக்கமாக ஆல்டோ சாக்ஸபோன்தான் வழிநடத்தும். மில்லர் அந்த இடத்தைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார். அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே டெனர் சாக்ஸபோன் வாசிக்க, மற்ற சாக்ஸபோன்கள் இடைவெளியை நிரப்பின. வானொலியைத் திருப்பிய சில நொடிகளிலேயே இது மில்லர் குழு என்று சொல்லிவிடலாம்.

1939ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் அருகே கிளென் ஐலண்ட் கசினோவில் அவர்கள் வாசித்தது வானொலியில் ஒலிபரப்பானது. இளைஞர்கள் மயங்கினார்கள். அந்த ஆகஸ்டில் ‘இன் தி மூட்’ இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யப்பட்டது. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வானொலி நிகழ்ச்சி, இரண்டு ஹாலிவுட் படங்கள். ‘சாட்டனூகா சூ சூ’ இசைத்தட்டு 12 லட்சம் விற்றதைக் கொண்டாட, 1942 பிப்ரவரியில் நிறுவனம் அவருக்குத் தங்க முலாம் பூசிய தட்டைப் பரிசளித்தது. உலகின் முதல் தங்க இசைத்தட்டு என்று சொல்லப்படுவது அதுதான்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கி, அமெரிக்காவும் போரில் இறங்கியிருந்தது. மில்லர் முதலில் கடற்படையில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. 1942 ஆகஸ்டில் ராணுவத் தளபதி ஒருவருக்குக் கடிதம் எழுதி, நவீன ராணுவ இசைக்குழு ஒன்றை நடத்தத் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். சம்மதம் கிடைத்தது. செப்டம்பர் 27ஆம் தேதி நியூ ஜெர்சியில் கடைசி நிகழ்ச்சி. வாரத்துக்குப் பல்லாயிரம் டாலர் ஈட்டித் தந்த குழுவை அத்தோடு கலைத்தார். அக்டோபரில் கேப்டன் மில்லராகச் சீருடை அணிந்தார்.

ராணுவத்தில் அவரை எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. ராணுவ அணிவகுப்பு இசை பல ஆண்டுகளாக மாறாமல் இருந்தது. மில்லர் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ என்ற பாடலை அணிவகுப்பு இசையாக்கினார். மரபை விரும்பிய அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். வீட்டில் எந்த இசையைக் கேட்டு வளர்ந்தார்களோ, அந்த இசைதான் படைவீரர்களுக்குத் தெம்பு தரும் என்பது அவர் வாதம். விமானப்படைப் பயிற்சி வீரர்கள் அந்த இசைக்கு உற்சாகமாக நடைபோட்டார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பாடலை எழுதிய டபிள்யூ. சி. ஹாண்டியும், ‘இன் தி மூட்’ பாடலை இயற்றியவராகப் பதிவான ஜோ கார்லண்டும் கறுப்பின அமெரிக்கர்கள். ஆனால், அன்றைய அமெரிக்க ராணுவம் நிற அடிப்படையில் பிரிந்து கிடந்தது. மில்லரின் ராணுவக் குழுவில் ஒரு கறுப்பினக் கலைஞர்கூட இல்லை. சுதந்திரத்துக்காகப் போரிட்ட நாடு தன் வீட்டுக்குள் இப்படி இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

1944 ஜூன் இறுதியில், நார்மண்டிப் படையிறக்கம் நடந்த சில வாரங்களில், குழு லண்டன் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் நகரத்தின் மீது விழுந்துகொண்டிருந்த நேரம். மில்லர் பிடிவாதமாக முயன்று குழுவை வடக்கே பெட்ஃபோர்ட் நகருக்கு மாற்றினார். மறுநாளே அவர்கள் தங்கியிருந்த தெருவில் குண்டு விழுந்து அமெரிக்க வீரர்கள் பலர் மாண்டனர். ஒரு நாள் பிந்தியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதன்பின் அவர்கள் ஓயவே இல்லை. விமானத் தளங்களில், விமானக் கொட்டகைகளில், மருத்துவமனைகளில் வாசித்தார்கள். வானொலியிலும் நாள்தோறும் உழைத்தார்கள். ஜெர்மானியர்களுக்கான ஒலிபரப்பும் இருந்தது. அதில் மில்லர் தமக்குத் தெரியாத ஜெர்மன் மொழியை ஒலிப்பு எழுதி வைத்துக்கொண்டு பேசினார். நாஜி அரசு ஜாஸை இழிந்த இசையென்று ஒதுக்கியிருந்தது. அந்த இசையையே எதிரி நாட்டு வீடுகளுக்குள் அனுப்பியதும் ஒரு போர்தான்! அந்த ஆகஸ்டில் அவர் மேஜராகப் பதவி உயர்வு பெற்றார்.

டிசம்பரில் குழுவைப் பாரிசுக்கு மாற்ற முடிவாயிற்று. ஏற்பாடுகளைக் கவனிக்க மில்லர் முன்னதாகக் கிளம்பினார். 1944 டிசம்பர் 15. பனிமூட்டம், குளிர். பெட்ஃபோர்ட் அருகே ட்வின்வுட் ஃபார்ம் தளத்திலிருந்து நார்ஸ்மன் என்ற ஒற்றை எஞ்சின் விமானம் புறப்பட்டது. விமானியையும் சேர்த்து மூன்று பேர். விமானம் பாரிஸ் போய்ச் சேரவில்லை.

மறுநாள் ஜெர்மனி ஆர்டென் காட்டுப் பகுதியில் பெருந்தாக்குதல் தொடங்கியது. அந்தக் குழப்பத்தில் ஒரு சிறிய விமானம் வராததை யாரும் உடனே கவனிக்கவில்லை. சில நாள் கழித்துக் குழுவினர் பாரிசில் இறங்கியபோது, வரவேற்க அவர்களுடைய தலைவர் இல்லை. டிசம்பர் 24ஆம் தேதிதான் செய்தி வெளியானது. அவருக்கு வயது 40.

திரும்பி வந்த பிரிட்டிஷ் விமானங்கள் கடலில் உதறிய குண்டுகள் பட்டிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. கடுங்குளிரில் எஞ்சினின் கார்புரேட்டரில் பனி உறைந்து விமானம் விழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். அவர் ஜெர்மானிய உளவு வேலையில் சிக்கினார், பாரிசில் ரகசியமாக இறந்தார் என்றெல்லாம் பரவிய கதைகளுக்கு ஆதாரம் இல்லை. புகழ்பெற்றவர் திடீரென மறைந்தால் மனம் எளிய காரணத்தை ஏற்க மறுக்கிறது. இணையத்தில் உலவும் எதையும் நம்புவதற்குமுன் நாம் இதை நினைவில் வைக்கலாம்.

குழுவினர் என்ன செய்தார்கள்? துக்கத்தோடு வாசித்தார்கள். கிறிஸ்துமஸ் ஒலிபரப்பு ஜெரி கிரே தலைமையில் நடந்தது. போர் முடியும் வரையிலும் அவர்கள் ஐரோப்பாவில் வாசித்தார்கள். மில்லர் வகுத்து வைத்த ஒழுங்கு அவர் இல்லாமலும் இயங்கியது. ஒரு தலைவரை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

1945இல் வெண்கல நட்சத்திரப் பதக்கத்தை அவர் மனைவி ஹெலன் பெற்றுக்கொண்டார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அமெரிக்க வீரர் கல்லறைத் தோட்டத்தில், உடல் கிடைக்காதவர்களுக்கான சுவரில் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. தனிச் சிறப்பு எதுவுமில்லை. மற்ற வீரர்களைப் போலவே ஒரு வரி.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மில்லர் துப்பாக்கி ஏந்திப் போரிடவில்லை. அதனால் அவரைப் படைவீரர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நாட்டுக்கு நெருக்கடி வந்தபோது, தம்மிடம் உள்ளவற்றில் எது சிறந்ததோ அதை அவர் கொடுத்தார் என்பதே என் பதில். பள்ளி இசைக்குழுவில் நேரம் செலவிடுகிறீர்கள், ஓவியம் வரைகிறீர்கள், நாடகம் எழுதுகிறீர்கள். அதனால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், வீட்டிலிருந்து வெகுதூரத்தில், நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாமல், ஒரு விமானக் கொட்டகையில் அமர்ந்து பழக்கமான மெட்டு ஒன்றைக் கேட்ட அந்த இளைஞர்களை நினைத்துப் பாருங்கள்.