ஆலை நகரில் வளர்ந்த அயர்லாந்துப் பிள்ளை
தமிழ் மண்ணில் உறங்கும் கால்டுவெல்

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலம் வந்தால் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆலையை நம்பி வாழ்வது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதுபோல் அந்தக் காலத்தில் ஆலைகள் நிறைந்திருந்த ஒரு பெரிய நகரம் கிளாஸ்கோ. அது ஸ்காட்லாந்து நாட்டில் இருக்கிறது. அங்கு வளர்ந்த ஓர் ஏழை வீட்டுப் பையன், பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தான். பனங்காட்டில் குடியேறினான். தமிழின் பெருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னான்.

அவர்தான் பாதிரியார் ராபர்ட் கால்டுவெல்.

ஓவியம் பயின்ற இளைஞர்

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். பத்து வயதில் பெற்றோருடன் கிளாஸ்கோ நகருக்குக் குடிபோனார். அங்கே நூல் ஆலைகளும் புகைபோக்கிகளும் நாளுக்கு நாள் பெருகி வந்தன.

பதினாறாவது வயதில் ஓவியம் கற்க டப்ளின் நகருக்குச் சென்றார். நன்றாகப் படம் வரைந்தார். ஆனால் மனம் வேறு பக்கம் திரும்பியது. கடவுள் பணியே தன் பணி என்று முடிவு செய்தார். தூரிகையைக் கீழே வைத்தார்.

பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். கிரேக்க மொழி கற்பித்த பேராசிரியர் ஒருவர், ஒரு மொழியை இன்னொரு மொழியோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார். அது மாணவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அந்த விதை பின்னாளில் தமிழ் மண்ணில் முளைத்தது.

நடுக்கடலில் விபத்து

1837-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். வழியில் இவர் வந்த கப்பல், ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதிவிட்டது. அந்தக் கப்பல் மூழ்கியது. பலர் மாண்டனர்.

இவர் தப்பினார். 1838-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. தமிழில் ஒரு சொல்கூடச் சரளமாகப் பேச வராது. மூன்று ஆண்டுகள் சென்னையில் தங்கித் தமிழ் படித்தார்.

நடந்தே சென்றார்!

1841-ம் ஆண்டு தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பல்லக்கிலோ குதிரையிலோதான் போவார்கள். கால்டுவெல் அப்படிச் செய்யவில்லை. மக்களோடு பழக வேண்டுமானால் மக்கள் நடக்கும் வழியில் நடக்க வேண்டும் என்று எண்ணினார்.

சிதம்பரம், மாயூரம், தஞ்சை, திருச்சி என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே நடந்தார். நீலகிரி மலைக்கும் சென்றார். உதகையில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. பிறகு மதுரை வழியாகத் தெற்கே இறங்கி இடையன்குடி போய்ச் சேர்ந்தார்.

தேரிக் காட்டில் ஓர் ஊர்

இடையன்குடி அப்போது எப்படி இருந்தது? எங்கு பார்த்தாலும் செம்மணல். எங்கு பார்த்தாலும் பனைமரம். குடிசைகள் தாறுமாறாகக் கிடந்தன. மக்கள் பனையேறிப் பிழைத்தார்கள்.

ஓவியம் படித்த கை அங்கே பயன்பட்டது. ஊருக்குத் தாமே வரைபடம் போட்டார். நேர்த்தெருக்கள் அமைத்தார். கிணறு வெட்டினார். மரம் நட்டார். பள்ளிக்கூடம் கட்டினார்.

1844-ம் ஆண்டு நாகர்கோவிலில் எலிசா மால்ட் என்ற அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் இந்த நாட்டிலேயே வளர்ந்தவர். நன்றாகத் தமிழ் பேசுவார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பின்னல் வேலை கற்றுக்கொடுத்தார். பெண்கள் கையில் நாலு காசு சேர்ந்தது.

ஊரில் ஒரு கோவில் கட்டத் தொடங்கினார் கால்டுவெல். அது முடிய எத்தனை ஆண்டுகள் தெரியுமா? முப்பத்து மூன்று ஆண்டுகள்! 1847-ல் தொடங்கிய வேலை 1880-ல்தான் நிறைவேறியது.

ஒரு தவறு

பெரியவர்களும் தவறு செய்வது உண்டு. 1849-ல் பனைத்தொழில் செய்யும் மக்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்வாகச் சித்திரித்திருந்தார். யாருக்காக உழைத்தாரோ அவர்கள் மனமே புண்பட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. அது நெடுங்காலம் அடங்கவில்லை. அன்பு மட்டும் இருந்தால் போதாது, பிறரைப் பற்றி எழுதும்போது நிதானமும் வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

தமிழுக்குச் செய்த தொண்டு

பகலில் ஊர்ப்பணி, இரவில் மொழி ஆராய்ச்சி என்று பல ஆண்டுகள் கழிந்தன. 1856-ம் ஆண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது.

அந்த நூல் சொல்வது என்ன? நாம் மூன்று என்கிறோம். மலையாளத்தார் மூன்னு என்கிறார்கள். கன்னடத்தார் மூரு என்கிறார்கள். தெலுங்கர் மூடு என்கிறார்கள். இப்படிச் சொல்லுக்குச் சொல், இலக்கணத்துக்கு இலக்கணம் ஒப்பிட்டுக் காட்டினார். இவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று நிலைநாட்டினார்.

இந்தக் கருத்தை 1816-லேயே எல்லிஸ் துரை சொல்லியிருந்தார். அதை விரிவாக ஆராய்ந்து, உலக அறிஞர்கள் ஏற்கும்படி செய்தவர் கால்டுவெல்.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையிலும் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதி 1881-ல் வெளியிட்டார்.

பஞ்சமும் முதுமையும்

1877-ம் ஆண்டு அவர் பிஷப் ஆனார். அந்த ஆண்டு தாது வருஷப் பஞ்சம் மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. பட்டினியால் மக்கள் மடிந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய கால்டுவெல் பஞ்ச நிவாரண வேலையில் இறங்கினார்.

உடல் தளர்ந்தது. 1891-ம் ஆண்டு தொடக்கத்தில் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கொடைக்கானல் மலையில் தங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அங்கே காலமானார். உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய அந்தக் கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

1968-ம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2010-ல் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியாயிற்று.

23 வயதில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர் அவர். 42 வயதில் தமிழின் வேரையே உலகுக்குக் காட்டினார். படிக்க வயது தடையில்லை. இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்கலாம்.