சைக்கிள் செயினுக்கு ஆயுள் கொடுத்தவர்

செம்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. தொளதொளத்துப் போன பழைய செயினில் ஒரு ஜோடிக் கண்ணியை எடுக்கிறார் மெக்கானிக். சிறு கருவியில் செயினை மாட்டித் திருகைச் சுற்றுகிறார். திருகின் முனை, கண்ணியில் உள்ள ஆணியை மெல்லத் தள்ளுகிறது. செயின் பிரிகிறது.

அந்த ஆணியைச் சுற்றி ஒரு சிறு குழல் இருக்கிறது. அதைப் புகுத்தியவர் யார் தெரியுமா? ஹான்ஸ் ரெனால்டு!

சுவிட்சர்லாந்தில் ஆராவ் என்ற ஊரில் 1852-ம் ஆண்டு பிறந்தார். 1873-ல் இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் நகருக்கு வந்தார். அப்போது வயது 21. ஆறு ஆண்டுகள் கழித்து, சால்போர்டு என்ற இடத்தில் ஜேம்ஸ் ஸ்லேட்டரின் சிறிய செயின் பட்டறையை விலைக்கு வாங்கினார். அது பஞ்சாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்த பட்டறை.

ஆனால் செயின் சீக்கிரம் தேய்ந்தது. காரணம் இதுதான்: ஆணி, மெல்லிய தகட்டின் ஓட்டையிலேயே உராய்ந்தது. ஓட்டை அகன்றது. செயின் நீண்டது. நீண்ட செயின் பல்லில் சரியாக உட்காராது. அந்நிய நாட்டில் பணம் போட்டு வாங்கிய தொழில், இப்படித் தேய்ந்தால் எத்தனை நாள் நிற்கும்?

ரெனால்டு, உள் தகடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு குழலை இறுக்கிப் பொருத்தினார். ஆணி அந்தக் குழலின் நீளம் முழுவதும் படிந்து சுழன்றது. தலையில் சும்மாடு வைத்தால் பாரம் பரவுகிறதே, அதுபோல! குழலின் மேல் ஓர் உருளையும் உருண்டது. 1880-ல் காப்புரிமை பெற்றார். பட்டறையை வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

1885-ல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. செயின்தான் அதன் பின் சக்கரத்தைச் சுழற்றியது. சைக்கிள் பெருகியது; செயினுக்கும் கிராக்கி ஏறியது.

செல்வம் வந்த பிறகு தொழிலாளரை அவர் மறக்கவில்லை. 1896-லேயே தம் ஆலையில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வைத்தார். பல ஆலைகளில் அதைவிட நீண்ட நேரம் உழைக்க வேண்டியிருந்த காலம் அது. 1943-ல், 90 வயதில் காலமானார். 2008-ல் அவர் பெயர் தாங்கிய கம்பெனி, கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் கம்பெனியின் தொழிற்சாலைச் செயின் பிரிவில் பெரும் பங்கை வாங்கியது.

கியர் சைக்கிளின் மெல்லிய செயினில் இன்று தனிக் குழல் கிடையாது. உள் தகட்டின் விளிம்பையே குழல்போல் வளைத்திருப்பார்கள். நம் பழைய கறுப்பு சைக்கிளில் ரெனால்டின் குழல்தான்.

செம்பாக்கத்து மெக்கானிக், மீண்டும் சேர்க்க வேண்டிய ஆணியை முழுவதும் வெளியே தள்ளவில்லை. வெளித் தகட்டில் தொற்றி நிற்கும்படி விட்டார். முழுக்க வந்துவிட்டால் திரும்ப நுழைப்பது பெரும்பாடு. கண்ணியை எடுத்ததில் தொய்வு போயிற்று, தேய்மானம் போகவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தார். 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. புதுச் செயின் வாங்கச் சொல்லிவிட்டார்.